கலைச் சேகரிப்பில் யாருக்கு இடம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் தனியார் சேகரிப்புகளுக்குப் பதிவேடு எழுதித் தருவது என் தொழில். எந்தப் படம், யார் வரைந்தது, எப்போது, எதில் வரைந்தது, யார் கையிலிருந்து என்ன விலைக்கு வந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறிக்க வேண்டும். வேலைக்கு நடுவே வீட்டுக்காரர்களும் ஓவியக் கல்லூரிப் பிள்ளைகளும் புதிதாக வாங்கத் தொடங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. அவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். போபாலில் உள்ள பாரத் பவன் என்ற கலை மையம் அடிக்கடி வரும், ஏனென்றால் சேகரிப்பில் விடுபட்டவர்களுக்கு இடம் கொடுப்பதை நம் நாட்டில் துணிந்து செய்துபார்த்த இடம் அது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரக் கலை அருங்காட்சியகமும் வரும். அங்கே வேறு வழியில் போனார்கள், பாதியில் முட்டிக்கொண்டார்கள்.

சேகரிப்பில் பன்மை என்றால் என்ன? சாதிக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என்று படம் வாங்கி மாட்டுவதா?

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் பழைய பதிவேட்டைத் திறந்தேன். எண்ணெய் ஓவியங்கள் உள்ள பக்கங்களில் ஓவியர் பெயர், பிறந்த ஆண்டு, படித்த கல்லூரி எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன. நாலைந்து பக்கம் தள்ளி ஒரு வரி: ‘கிராமியப் படம், துணி, 1.’ ஓவியர் பெயருக்கான கட்டத்தில் வெறும் கோடு. அதே வரியில் அதை அன்பளிப்பாகக் கொடுத்தவரின் பெயர் மட்டும் பட்டங்களோடு முழுசாக இருந்தது. கிடங்கில் அந்தத் துணியைத் தேடி எடுத்துத் திருப்பிப் பார்த்தால், பின்பக்க ஓரத்தில் இந்தியில் ஒரு பெண்ணின் பெயரும் ஊர்ப்பெயரும் பென்சிலால் எழுதியிருந்தது. வந்த நாளிலிருந்தே அந்தப் பெயர் அங்கே இருந்திருக்கிறது. யாரும் திருப்பவில்லை.

அந்த நிறுவனத்தின் சுவரில் கிராமியப் படமும் உண்டு, பெண் வரைந்த படமும் உண்டு. எண்ணிப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வரும். ஆகவே யாரேனும் என்னைக் கேட்டால் எண்ணிக்கைக்கு முன்னால் நான் பார்ப்பது வேறு: யார் வாங்க முடிவு செய்தார், என்ன விலை கொடுத்தார்கள், படைத்தவர் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா, எந்த அறையில் எந்தப் பெயரின் கீழ் வைத்தார்கள், பிறகு எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்.

ஏற்றத்தாழ்வு அவ்வளவு பெரிதா? கணக்கு ஏதும் உண்டா?

அமெரிக்காவில் எண்ணியிருக்கிறார்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்வு 18 பெரிய அருங்காட்சியகங்களின் சேகரிப்பைப் பார்த்தது. அங்குள்ள கலைஞர்களில் 85 சதவீதம் வெள்ளையர், 87 சதவீதம் ஆண்கள். 2022இல் வந்த இன்னொரு கணக்கு 31 அருங்காட்சியகங்களை எடுத்துக்கொண்டது. 2008 முதல் 2020 வரை அவை சேர்த்தவற்றில் பெண்களின் படைப்புகள் 11 சதவீதம், கறுப்பின அமெரிக்கர்களுடையவை 2.2 சதவீதம். எல்லோரும் ‘நிலைமை மாறிவிட்டது’ என்று பேசிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அதற்கெல்லாம் முன்பே, 1989இல், கெரில்லா கேர்ள்ஸ் என்ற பெண் கலைஞர் குழு நியூயார்க்கில் ஒரு சுவரொட்டி போட்டது. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் நவீனக் கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, ஆனால் நிர்வாண ஓவியங்களில் 85 சதவீதம் பெண்கள் என்று அதில் இருந்தது. அருங்காட்சியகத்துக்கே போய் எண்ணினார்கள்.

நம் பக்கம் விரல் விட்டே எண்ணிவிடலாம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின் கீழ், நாட்டை விட்டு வெளியே ஏற்றுமதி செய்யக் கூடாது என்று ஒன்பது நவீன ஓவியர்களின் படைப்புகளை அரசு அறிவித்திருக்கிறது. ரவிவர்மா, தாகூர் குடும்பத்தில் மூவர், நந்தலால் போஸ், ஜாமினி ராய், அம்ரிதா ஷேர்-கில், ஷைலோஸ் முகர்ஜி, நிக்கலஸ் ரோரிச். ஒன்பதில் பெண் ஒருவர். 1947இல் பம்பாயில் முற்போக்குக் கலைஞர் குழுவைத் தொடங்கிய ஆறு பேரும் ஆண்கள். ஓவியர் ஜகதீஷ் சுவாமிநாதன் முன்னின்று 1962இல் உருவான ‘குரூப் 1890’இல் பன்னிரண்டு பேர், பன்னிரண்டும் ஆண்கள். இந்தச் சுவாமிநாதன்தான் பிறகு போபாலில் ஆதிவாசிகளுக்குக் கதவைத் திறந்தவர். ஒரு கதவைத் திறந்தவருக்கு எல்லாக் கதவும் கண்ணில் பட்டிருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

தரம்தானே முக்கியம்? நல்ல கலை என்றால் தானாகவே இடம் கிடைக்காதா?

ஜங்கர் சிங் ஷ்யாமின் கதைதான் இதற்கு என் பதில். மத்தியப் பிரதேசத்தில் அப்போதைய மண்டலா மாவட்டத்துப் பாட்டன்கட் கிராமம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்த நேரத்தில் பிறந்தாராம், ‘ஜனகணனா’ என்ற சொல்லிலிருந்தே பெயர் வைத்தார்களாம். பர்தான் கோண்டு சமூகம். பானா என்ற நரம்புக் கருவியை இசைத்துக்கொண்டு கோண்டுப் பழங்குடிக் குடும்பங்களின் வம்சக் கதைகளையும் அவர்களின் பெருந்தெய்வமான படா தேவின் கதைகளையும் பாடுவது அவர்களின் குலத்தொழில். பாட்டுக்குத் தானியமும் மாடும் கொடுத்துவந்த குடும்பங்கள் நொடித்தபின் பாடியவர்கள் கூலிக்குப் போனார்கள்.

1980களின் தொடக்கத்தில் பாரத் பவனுக்காகக் கலைப்பொருள் தேடி இளம் கலைஞர்கள் ஊர் ஊராகப் போனார்கள். பாட்டன்கட்டில் ஒரு வீட்டுச் சுவரில் இருந்த அனுமார் படம் அவர்களை நிறுத்தியது. வரைந்தவர் பதின்ம வயதைத் தாண்டிக்கொண்டிருந்த ஜங்கர். போபாலுக்கு வந்தார், காகிதமும் போஸ்டர் கலரும் கிடைத்தன, பாரத் பவனின் அச்சுக்கலைப் பட்டறையில் வேலையும் கிடைத்தது. பாட்டில் மட்டுமே இருந்த தெய்வங்கள் புள்ளியும் கோடுமாக அவர் கையில் உருவம் பெற்றன. 1986இல் மாநில அரசின் சிகர் சம்மான் விருது. 1989இல் பாரிஸின் பொம்பிடு மையம், உலகெங்குமிருந்து சுமார் நூறு கலைஞர்களை அழைத்து நடத்திய பெரிய கண்காட்சியில் அவரும் ஒருவர். சார்லஸ் கொரியா வடிவமைத்த போபால் சட்டமன்றக் கட்டடத்தின் சுவரிலும் அவர் ஓவியம் இருக்கிறது.

அந்த அனுமார் படத்தின் தரத்தை ஊர்க்காரர்கள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பார்க்காதவர்கள் பட்டணத்தில் வாங்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். பேருந்து ஏறிப் போய்ப் பார்க்க ஒருவரைச் சம்பளம் கொடுத்து அனுப்பினால்தான் தரம் கண்ணுக்குத் தெரியும். சேகரிப்பு வைத்திருப்பவர்களிடம் ‘ஓவியம் வாங்க எவ்வளவு ஒதுக்குகிறீர்கள்’ என்று கேட்டால் உடனே தொகை சொல்வார்கள். ‘தேடிப் போக எவ்வளவு’ என்றால் முழிப்பார்கள்.

பாரத் பவனில் புதிதாக என்ன செய்தார்கள்?

1982 பிப்ரவரி 13 அன்று திறந்தார்கள். கட்டடமும் கொரியாவுடையதே. பெரிய ஏரிக்கரைச் சரிவில் படிப்படியாக இறங்கும், வெளியிலிருந்து பார்த்தால் கட்டடம் இருப்பதே தெரியாது. அதிலுள்ள நுண்கலை அருங்காட்சியகத்துக்கு ரூபங்கர் என்று பெயர். ஜகதீஷ் சுவாமிநாதன் அதன் முதல் இயக்குநர். ஒரே கூரையின் கீழ் ஒரு கூடத்தில் நகரத்து நவீன ஓவியங்கள், இன்னொன்றில் ஆதிவாசி, நாட்டார் கலை. ஆதிவாசிகளின் படைப்பை மானிடவியல் காட்சிப்பொருளாக ‘இன்ன இனத்தார், இன்ன சடங்கு’ என்று எழுதி வைக்கும் பழக்கத்தை விட்டு, படைத்தவர் பெயரைச் சொன்னார்கள்.

எனக்கு ஒரு குறை உண்டு. ஏன் இரண்டு கூடம்? ஒன்றாகவே மாட்டியிருக்கலாமே. ஆனால் 1982இல் அந்த அளவுக்கே எத்தனை எதிர்ப்பு வந்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

சுவாமிநாதன் தமிழரா?

தமிழ்க் குடும்பம். பிறந்தது 1928இல் சிம்லாவில். கம்யூனிஸ்ட் கட்சி, பத்திரிகை வேலை என்று சுற்றி ஓவியத்துக்கு வந்தவர். மலையும் மரமும் பறவையுமாக அவர் வரைந்த படங்களை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். 1994இல் காலமானார்.

ஆதிவாசிக் கலையைச் சமகாலக் கலை என்று சொல்லலாமா? அது மரபுக் கலை இல்லையா?

இன்று உயிரோடு இருப்பவர் இன்று வரைவது சமகாலக் கலைதான் என்பது சுவாமிநாதனின் வாதம். எனக்கும் அதில் மறுப்பில்லை. ‘மரபுக் கலை’ என்று எழுதிவிட்டால் ஓவியர் பெயரை எழுதும் வேலை மிச்சமாகிவிடுகிறது. அதுதான் அந்தச் சொல்லில் எனக்குள்ள சங்கடம்.

சோனாபாய் ரஜாவரை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது சத்தீஸ்கரில் உள்ள சர்குஜா பகுதி, புஹ்புட்ரா கிராமம். கணவர் அவரைப் பதினைந்து ஆண்டுகள் போல வீட்டை விட்டு வெளியே விடவில்லை. சிறுபிள்ளையோடு உள்ளேயே இருந்தவர் பிள்ளைக்கு மண்ணில் பொம்மை செய்து கொடுத்தார். பிறகு வெயில் மறைக்க மூங்கில் பட்டைகளை வளைத்துக் கட்டி, மண் பூசி, ‘ஜாலி’ எனப்படும் சல்லடைத் தடுப்பு செய்தார். அதில் பறவை, குரங்கு, ஆடும் பெண்கள், பாம்பு. சமையலறையில் கிடைத்த பொருள்களில் நிறம் எடுத்துப் பூசினார். 1983இல் பாரத் பவன்காரர்கள் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது அந்த வட்டாரத்திலேயே அதைப் போன்ற ஒன்று கிடையாது. யாரிடமும் கற்றதில்லை. இதை எந்த மரபில் சேர்ப்பது? பிறகுதான் ஊரார் அவரைப் பார்த்துச் செய்யத் தொடங்கினார்கள். அடுத்த தலைமுறைக்கு அது மரபாகிவிட்டது!

சுவரிலும் சடங்கிலும் இருந்ததைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தால் கலை கெட்டுப்போகாதா?

மாறும். எல்லா மாற்றமும் கெடுதல் இல்லை.

பூரி பாய் பீல் இனத்தவர், ஜாபுவா மாவட்டத்தின் பிடோல் ஊர்க்காரர். பாரத் பவன் கட்டிக்கொண்டிருந்தபோது அங்கே கல் மண் சுமக்க வந்த கூலித் தொழிலாளி. உங்கள் வீட்டுச் சுவரில் என்ன வரைவீர்கள், வரைந்து காட்டுங்கள் என்று சுவாமிநாதன் அங்கிருந்த தொழிலாளர்களைக் கேட்டார். உட்கார்ந்து படம் போட்டதற்கு, மண் சுமப்பதைவிட அதிகமாகக் காசு கொடுத்தார்களே என்று நம்ப முடியாமல் இருந்ததாகப் பூரி பாய் பிற்காலத்தில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பீல்களிடம் பிதோரா என்ற சடங்கு ஓவியம் உண்டு. நேர்த்திக்கடனாக வீட்டுச் சுவரில் குதிரைகளை வரைவார்கள். அதை வரைய ஆண்களுக்குத்தான் உரிமை. காகிதமும் கேன்வாஸும் எந்தச் சடங்குக்கும் சொந்தமில்லை என்பதால் ஒரு பெண் தன் மரம், மயில், விமானம், பேருந்து எல்லாவற்றையும் தன் பெயரில் வரைய முடிந்தது. ‘காகிதத்துக்கு வந்ததால் தூய்மை போச்சு’ என்று வருந்துகிறவர்கள், அந்தத் தூய்மையில் பூரி பாய்க்கு என்ன வேலை கொடுத்திருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

கெடுதலும் உண்டு. ஒருவர் பாணி விலைபோனால் நூறு பேர் அதே மான், அதே மரம் என்று போடுவார்கள். வாங்குகிறவர் அதைத்தான் கேட்கிறார்.

இடமும் பணமும் இல்லை. பழைய படங்களை விற்று, விடுபட்டவர்களின் படைப்புகளை வாங்கலாமா?

பால்டிமோர் அருங்காட்சியகம் அதைத்தான் செய்தது. நகரத்தில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். அருங்காட்சியகத்தின் பெருமையோ பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ். கோன் சகோதரிகள் கிளாரிபெல், எட்டா இருவரும் பாரிஸ் போய் வாங்கிச் சேர்த்துக் கொடுத்த மூவாயிரம் கலைப்பொருள்களில் வளர்ந்த இடம் அது. (இரண்டு பெண்கள் கட்டிய சேகரிப்பு, சுவரெல்லாம் ஓர் ஆண்!)

2018இல் ஏழு படைப்புகளை விற்க முடிவு செய்தார்கள். எல்லாம் புகழ்பெற்ற அமெரிக்க ஆண் ஓவியர்களுடையவை: வார்ஹோல் இரண்டு, நோலண்ட் இரண்டு, ரௌஷன்பெர்க், க்லைன், ஒலிட்ஸ்கி ஒவ்வொன்று. இதே கலைஞர்களின் நல்ல படைப்புகள் கையில் இருக்கின்றன, இவை உபரி என்றார்கள். வந்த பணத்தில் பெண்கள், கறுப்பினக் கலைஞர்களின் படைப்புகளைத் தேடினார்கள். அந்த ஆண்டு வாங்கியவற்றில் ஒன்று எமி ஷெரால்டின் ஓவியம். பால்டிமோரிலேயே படித்து, பல ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தவர் அவர். மிஷல் ஒபாமாவை வரைந்து உலகப்புகழ் பெற்ற அதே ஆண்டில்தான் அந்த ஊர் அருங்காட்சியகமும் அவரை வாங்கிச் சேர்த்தது. அடுத்த ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம் புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ரோத்கோவின் ஒரே ஓர் ஓவியத்தை 5.01 கோடி டாலருக்கு விற்று, பத்துக் கலைஞர்களின் 11 படைப்புகளை வாங்கியது.

சிக்கல் 2020இல் வந்தது. பெருந்தொற்றுக் காலம். படைப்பை விற்ற பணத்தில் படைப்பைத்தான் வாங்கலாம் என்பது அதுவரை அமெரிக்கக் கலை அருங்காட்சியக இயக்குநர் சங்கத்தின் நெடுநாள் விதியாக இருந்தது. சேகரிப்பைப் பராமரிக்கும் செலவுக்கும் பயன்படுத்தலாம் என்று இரண்டு ஆண்டுகளுக்கு அதைத் தளர்த்தினார்கள். பால்டிமோர் மூன்று பெரிய படைப்புகளை விற்பனைக்கு எடுத்தது: வார்ஹோலின் ‘கடைசி இராவுணவு’, கிளிஃபோர்ட் ஸ்டில், பிரைஸ் மார்டன் ஆகியோரின் ஓவியம் ஒவ்வொன்று. மொத்தம் 6.5 கோடி டாலர் எதிர்பார்த்தார்கள். ஊழியர் சம்பள ஏற்றத்தாழ்வைக் குறைப்பது, சிறப்புக் கண்காட்சிக் கட்டணத்தை நீக்குவது என்று நோக்கங்களைச் சொன்னார்கள். முன்னாள் அறங்காவலர்கள் கொதித்தார்கள், தருவதாகச் சொன்ன நன்கொடைகளைச் சிலர் திரும்பப் பெற்றார்கள். அக்டோபர் 28 அன்று ஏலத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது விற்பனையைக் கைவிட்டார்கள்.

என் கருத்து: 2018இல் செய்தது சரி. உபரியைக் கொடுத்து இல்லாததை வாங்கினார்கள். 2020இல் விற்கப் பார்த்தது உபரியை இல்லை. ஸ்டிலின் ஓவியம், ஓவியரே அந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் சம்பளச் சமத்துவம் ஓர் ஆண்டோடு முடியும் செலவு இல்லை. ஆண்டுதோறும் ஒரு வார்ஹோலுக்கு எங்கே போவது?

நம் அரசு அருங்காட்சியகங்களுக்கு இந்தக் கேள்வியே எழாது, விற்பது நம் வழக்கம் இல்லை. தனியாருக்கு எழும். விற்பதானால் படைத்தவர் உயிரோடு இருந்தால் அவரிடம் முதலில் சொல்லுங்கள். இளம் ஓவியரின் படத்தைத் திடீரென்று ஏலத்தில் போட்டுக் குறைந்த விலைக்குப் போனால், அவருடைய விலையே சரிந்துவிடும்.

ஓராண்டு முழுக்கப் பெண்களின் படைப்பு மட்டும் வாங்குவது ஒருதலைப்பட்சம் இல்லையா?

அதே பால்டிமோர்தான் 2020இல் இப்படி அறிவித்தது. அப்போது அங்கிருந்த ஏறத்தாழ 95,000 பொருள்களில் பெண்களுடையவை 4 சதவீதம் என்று அவர்களே சொன்னார்கள். நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு பக்கமாகவே நடந்த கொள்முதலை யாரும் ஒருதலைப்பட்சம் என்று சொல்லவில்லை, ஓராண்டுக்குத் தலைப்பு வைத்ததும் சொன்னார்கள். ஓராண்டில் நாலு சதவீதம் பெரிதாக மாறிவிடாது என்பதும் உண்மைதான்.

யார் தேர்ந்தெடுக்க வேண்டும்?

வாங்கும் குழுவில் படைப்பவர்களின் பக்கத்திலிருந்து யாராவது இருக்க வேண்டும். கோண்டு ஓவியம் வாங்கும் குழுவில் ஒரு கோண்டு ஓவியர். அவருக்குத்தான் எது நகல், எது புதிது என்று ஒரே பார்வையில் தெரியும்.

2022இல் பால்டிமோரில் 17 காவலர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். நாள் முழுக்க அந்தப் படங்களுக்கு முன்னால் நிற்பவர்கள் அவர்கள்தானே. யார் எந்தப் படத்துக்கு முன் நிற்கிறார்கள், எதைத் திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள் என்று காப்பாட்சியரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2023இல் அந்த அருங்காட்சியகத்துக்கு இயக்குநரானவர் அஸ்மா நயீம், கராச்சியில் பிறந்தவர். படங்களைவிட இந்த இரண்டு மாற்றங்கள்தான் அங்கே நிலைத்து நிற்கும் என்று நினைக்கிறேன்.

வாங்கிவிட்டோம். அதோடு பொறுப்பு முடிந்ததா?

கங்கா தேவி பீகாரின் மிதிலை (மதுபனி) ஓவியர், 1984இல் பத்மஸ்ரீ பெற்றவர். டில்லி கைவினை அருங்காட்சியகத்தில் ஓர் அறை முழுக்க ‘கோஹ்பர் கர்’, அதாவது மணமக்கள் அறை வரைந்தார். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டே வரைந்தது. 1991இல் இறந்துபோனார். அந்த அறையைப் புதுப்பிப்பு வேலையில் அழித்துவிட்டார்கள் என்ற செய்தி 2015இல் வெளியானது. ஒரு ரவிவர்மா மாட்டியிருந்த சுவர் என்றால் கொத்தனாரை உள்ளே விடுவதற்கு முன் எத்தனை கையெழுத்து வாங்கியிருப்பார்கள்?

ஜங்கரின் முடிவும் இங்கே வருகிறது. ஜப்பானின் நிகாட்டா மாகாணத்தில் உள்ள மிதிலா அருங்காட்சியகத்துக்கு வரையப் போயிருந்தார். ஊர் திரும்ப வேண்டும் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதியிருந்தார். 2001 ஜூலையில் அங்கேயே தற்கொலை செய்துகொண்டார். நாற்பது வயதையொட்டித்தான் இருக்கும். இந்தியக் கலைஞர்கள் விசாரணை கேட்டுக் குரல் எழுப்பினார்கள். அதன்பின் ஓவியரை வரவழைத்து வரையவைப்பவர்களிடம் நான் மூன்று விஷயம் கேட்பேன்: ஒப்பந்தம் அவர் படிக்கும் மொழியில் இருக்கிறதா, திரும்பும் டிக்கெட் அவர் கையில் இருக்கிறதா, கூட யார் வருகிறார்?

விலை எப்படி? மேளாவில் பேரம் பேசலாமா?

புடவைக்குப் பேசுங்கள். ஓவியத்துக்கு வேண்டாம். மேளாக்களில் பெரும்பாலும் அளவுக்குத்தான் விலை சொல்வார்கள், பெரிய தாள் என்றால் அதிகம். அந்தக் கணக்கில் ஒரு மாதம் உட்கார்ந்து போட்ட சின்னப் படமும் ஒரு வாரத்தில் போட்டதும் ஒரே விலைக்குப் போகும். எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டு, அதற்கேற்பக் கொடுங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள்: உள்ளே நிரப்பியது யார்? கோண்டு ஓவியத்தில் கோடு ஒருவர் போட, புள்ளியும் வரியும் மனைவியோ பிள்ளைகளோ நிரப்புவது சகஜம். கையெழுத்து மட்டும் ஒருவருடையது. கூச்சப்படாமல் கேட்டால் சொல்லிவிடுவார்கள். இரண்டு பெயரையும் பதிவேட்டில் எழுதுங்கள். ஒருமுறை நான் இப்படிக் கேட்டபோது, பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எந்த மீன் தன்னுடையது என்று காட்டினார். நாலு மீன். நாலும் அவருடையதே.

வாங்கிய படத்தைக் காலண்டரில் அச்சிடலாமா?

கூடாது. படம் உங்களுடையது, பதிப்புரிமை ஓவியருடையது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுத்தில்தான் மாற்றிக் கொடுக்க முடியும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். நகரத்து ஓவியரிடம் அனுமதிக் கடிதம் வாங்குகிற அதே நிறுவனங்கள் மகாராஷ்டிரத்து வார்லிப் பழங்குடியினரின் ஓவியத்தைக் கேட்காமலே டீ கப்பில் போடுகின்றன. ‘அது பொதுச்சொத்துதானே’ என்கிறார்கள். வரைந்தவர் தாணேயில் உயிரோடு இருப்பார்.

அதே சட்டத்தின் 53ஏ பிரிவில், மூல ஓவியம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் படைத்தவருக்கோ வாரிசுக்கோ ஒரு பங்கு உண்டு. அது பத்து சதவீதத்தைத் தாண்டாது. கேட்டு வாங்குபவர்கள் அரிது.

தமிழ்நாட்டில் எங்கே தொடங்குவது?

நீலகிரியின் ஆலு குறும்பர்கள் வேங்கை மரப்பிசினிலும் இலைச்சாற்றிலும் வரைகிறார்கள். குச்சி மனிதர்கள், தேன் எடுப்பு, கோயில், நடனம். அதிகப் பேர் வரைவதில்லை. அதை வாங்கப் போனால் ‘பழங்குடிப் படம்’ என்று எழுதி வைக்காமல் பெயரையும் ஊரையும் கேட்டு வாருங்கள்.

சென்னையில் தாரா புக்ஸ் பதிப்பகம் கோண்டு ஓவியர்களோடு நெடுங்காலமாக வேலை செய்கிறது. ஜங்கரின் உறவினர் பஜ்ஜு ஷ்யாம் லண்டனில் ஓர் உணவகச் சுவரை வரையப் போய்வந்த அனுபவத்தை, அவர் பெயரிலும் அவர் படங்களிலும் 2004இல் புத்தகமாக்கியது. அவர் 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார். ஓவியத்துக்குப் பணமில்லாதவர்கள் இப்படிப்பட்ட புத்தகத்திலிருந்தும் தொடங்கலாம்.

என்னிடம் பத்தாயிரம் ரூபாய்தான் இருக்கிறது. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பொருந்தும். ஒரே ஒரு படம் வாங்குங்கள், ஓவியரிடம் நேரே. ரசீதை அவர் பெயரில் வாங்குங்கள். ஃபிரேம் போடும் முன் அவர் சொல்லும் எழுத்துக்கூட்டல்படி பெயர், ஊர், வரைந்த ஆண்டு, நிரப்பியவர் பெயர், படத்தில் உள்ள கதை இரண்டு வரி, எல்லாவற்றையும் பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் தெரியும். ஃபிரேம் கடைக்காரர் பின்னால் அட்டை வைத்து ஒட்டிவிடுவார், எழுதியது மறைந்துபோகும். அதனால் அட்டை மேலும் இன்னொரு முறை எழுதச் சொல்லுங்கள். பழக்கம் இல்லாததால் கொஞ்சம் முணுமுணுப்பார்.